ஐந்து மணித் திசை

சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு லில்லிபாய் கழுவிக்கொண்டிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். கிழக்கே திரும்பினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள்.

தாசையன் இதற்காகவே அரைமணி நேரமாக முற்றத்தில் காத்து நின்றார். எழுபத்தொரு வயது, அரைப் பார்வை. நாற்பத்தைந்து வருஷமாகத் தேனீ வளர்க்கிறவர். கொட்டு வாங்கி வாங்கி விரலெல்லாம் தடித்துப்போய்க் கிடக்கும். யார் என்ன சொன்னாலும் நம்பாத மனுஷன் என்று முள்ளுக்காட்டுவிளை முழுக்கப் பேர் எடுத்தவர். போன ஈஸ்டருக்குப் போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போதுகூட, "நேரில பாத்த ஆளு யாரு?" என்று பக்கத்து பெஞ்சில் கேட்டுவைத்தவர்.

"ஏய் லில்லி. எங்கோட்டுப் போற?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். தாசையன் அவள் பின்னால் நடந்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். வாழைத்தோட்டம் தாண்டியது, ரப்பர் வரிசை வந்தது. பாதை வளைந்த இடத்தில் அவள் வளையவில்லை. நூல் பிடித்த மாதிரி நேரே புதருக்குள் ஏறினாள். முள் சேலையைக் கிழித்தது, அதையும் கண்டுகொள்ளவில்லை. இருநூற்று அறுபத்திரண்டாவது அடியில் நின்றாள். சிறிது நேரம் கழித்துக் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலை உற்றுப் பார்த்தாள்.

"நான் ஏன் இங்க நிக்கேன்? கோழியத் தேடி வந்தேனோ?"

"தெரியாது. நீதான் சொல்லணும்."

"நீங்க ஏன் எனக்க பொறத்தால வாறீங்க? வேற வேலை இல்லியா?"

இது தொடங்கின முதல் மாதம் அவள் திரும்பி மட்டும்தான் பார்த்தாள். அடுத்த மாதம் எழுந்து நின்றாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் பத்தடி, இருபதடி என்று நடை தொடங்கியது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. முற்றத்திலிருந்து அதே நேர்கோட்டில் முந்நூற்று நாற்பது அடி போனால் பழைய குவாரி. கல்லை வெட்டி எடுத்துவிட்டு வெட்டினவன் போய்விட்டான். மழைத் தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடக்கிறது. வேலி கிடையாது. ஆழம் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அவளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிப் பார்த்தார். அவள் கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. கிழக்குச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். திறந்து பார்த்தபோது தோல் உரிந்து ரத்தம் மூக்குவரை வடிந்திருந்தது. "எங்கயோ இடிச்சிட்டேன்" என்று மஞ்சள் அரைக்கப் போனாள். அதோடு பூட்டுகிறதை விட்டார்.

தன் வீட்டில் மட்டும்தான் இந்த எளவு என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு சாயங்காலம் லில்லிபாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ கேட்டு வில்சன் கடைக்குப் போனபோதுதான் விஷயம் பெரிது என்று தெரிந்தது.

வில்சன் முக்கில் டீக்கடை வைத்திருக்கிறவன். தேனீப் பெட்டியும் எண்பது உண்டு. தாசையனை மாமா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு ஆட்டோவுக்கு யாரைக் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பாதிச் சொல்லில் நிறுத்தினான். பாத்திரத்தை அடுப்பில் விட்டுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"லேய் வில்சா, பால் பொங்குது."

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. தாசையன் பெஞ்சுப் பக்கம் பார்த்தார். அவர் கண்ணுக்கு நடுவில் உள்ளது எதுவும் தெரியாது. நேரே பார்க்கிற இடத்தில் சாம்பல் பூசின மாதிரி ஒரு வட்டம் இருக்கும். முகம் எல்லாம் அதற்குள் போய்விடும். ஆனால் ஓரம் நன்றாகத் தெரியும். ஏழு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு முதுகும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. தெருவில் குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி நடுரோட்டில் நின்றாள். அவளும் குழந்தையும் கிழக்கே பார்த்தபடி. ஒரு இருமல் இல்லை, ஒரு செருப்புச் சத்தம் இல்லை. எங்கிருந்தோ தோல் கருகுகிற வாசம் வந்தது. பெஞ்சில் ஒருத்தன் கையில் பீடி விரல்வரை எரிந்துவிட்டிருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

தாசையன் போய் அதைத் தட்டிவிட்டார்.

பதினோரு நிமிஷம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பேச்சை விட்ட இடத்தில் எடுத்தார்கள். பீடிக்காரன் விரலை வாயில் வைத்தான். வில்சன் அடுப்பைப் பார்த்துத் திட்டினான்.

"இந்த ஸ்டவ்வு சரியில்ல மாமா. டெய்லி பாலு பொங்கிருது."

"ஸ்டவ்வு ஒண்ணும் செய்யல்ல. நீ அங்கோட்டுத் திரும்பி நின்ன. எல்லாவனும் நின்னான்."

"உமக்குக் கண்ணே தெரியாது. நாங்க எங்கோட்டுப் பாத்தோம்னு நீரு எப்பிடிக் கண்டீரு?"

கடையே சிரித்தது. தாசையனும் சிரிக்கிறவர்தான், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் ஓடுகிற கம்பெனிக் கம்பங்களைப் பற்றிச் சொன்னார். வில்சனுக்கு முகம் சுருங்கியது என்று குரலிலேயே தெரிந்தது.

"பாரும் மாமா. எட்டு மாசமா ஊரில ஒரு அடிபிடி உண்டா? அந்தியானா எல்லாவனும் அடங்கி ஒதுங்கி இருக்கான். தேனு மூணு மடங்கு. நீரு இப்ப வந்து கம்பத்தைப் பிடுங்கச் சொல்லுதீரு. எனக்க பெட்டிய யாரு உமக்க பெஞ்சாதியா பாப்பா?"

கம்பம் வந்த கதை இதுதான். தேனீக்காரன் பெட்டியை ஒரு எஸ்டேட்டிலிருந்து அடுத்த எஸ்டேட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். கடைசித் தேனீ கூடு அடைந்த பிறகுதான் வாசலை மூட முடியும். லாரிக்காரன் நிற்க மாட்டான். மழை வந்தால் பாதித் தேனீ வழியில் செத்துப்போகும். போன வருஷம் ஒரு கம்பெனி வந்து ஊரெங்கும் நாற்பது கம்பம் நட்டது. ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்பாக ஒரு தட்டு, தட்டைச் சுற்றிச் செம்புக் கம்பி. குவாரிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் மைதானத்தில் எல்லோருடைய பெட்டியையும் வரிசையாக வைத்தார்கள். ஐந்து மணிக்குக் கம்பியில் கரண்ட் ஓடும். பதினோரு நிமிஷத்தில் அத்தனை தேனீயும் பெட்டிக்குள் இருக்கும். வானத்தில் ஒரு கறுப்புக் கயிறு கிழக்கே ஓடுகிற மாதிரி இருக்கும்.

கம்பெனியின் இன்ஜினீயர் கீர்த்தனா. நாமக்கல் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மாதம் ஒருமுறை கம்பம் கம்பமாகப் பார்த்துப் போவாள். இந்தமுறை அவள் வந்தபோது தாசையன் கூப்பிட்டு உட்காரவைத்து, லில்லிபாயைவிட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மணி நாலே முக்கால்.

"மக்ளே, உனக்க போனை அந்தத் துவைகல்லு மேல வச்சுப் படம் பிடிக்கப் போடு."

"எதுக்குங்க ஐயா?"

"எனக்குச் சொன்னது மறந்து போவும். பின்னால யாரையாவது விட்டுக் கேக்கணும்."

பொய்தான். அவள் சிரித்துக்கொண்டே போனை நிறுத்தி வைத்தாள்.

"இனி சொல்லு. அந்தத் தட்டு என்னத்த செய்யுது?"

"வெளிச்சம் ஒரு கயித்த ஆட்டுற மாதிரிங்க ஐயா. மேலயும் கீழயும் ஆடும், பக்கவாட்டுல ஆடும், எல்லாப் பக்கமும் கலந்து ஆடும். ஒரே பக்கமா ஆட வச்சா அதைத் தளவிளைவுன்னு ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க."

"நான் மூணாம் கிளாசோட நின்ன ஆளு. தேனீக்குச் சொல்லுத மாதிரிச் சொல்லு."

"தேனீக்குச் சொல்லவே வேண்டாம், அதுக்கே தெரியும். வானத்து வெளிச்சம் எந்தப் பக்கமா ஆடுதுன்னு பாத்துத்தான் அது வழி பிடிக்குது. எங்க தட்டுல முடியவிட நூறு மடங்கு சின்னதா லட்சக்கணக்குல கோடு செதுக்கியிருக்கு. சுத்திக் காந்தம் ஏறினா அந்தக் கோடெல்லாம் வெளிச்சத்த வேற பக்கமாத் திருப்பிவிடும். காந்தத்தக் கூட்டிக் குறைச்சா நமக்கு வேணுங்கற பக்கம். தேனீக்கு வானமே திரும்பின மாதிரி இருக்கும்."

"அதாவது அதுக்க வானத்தை நீங்க பிடுங்கிட்டீங்க."

"நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தானே வச்சோம்."

"போட்டோம். மனுசனுக்கு இதுல என்ன உண்டு?"

"ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க, நம்ம கண்ணுக்கு இது —"

கீர்த்தனா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கிழக்கே திரும்பினாள்.

தாசையன் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் படித்த பெண், கம்பெனிக்காரி, அவளுக்கும் இது நடக்கும் என்று மனம் முழுதாக நம்பியிருக்கவில்லை. "மக்ளே. கேக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகுதான் லில்லிபாய் ஞாபகம் வந்தது.

முற்றம் காலி.

ஓடினார். வாழைத்தோட்டத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தார். எண்ணிக்கை போய்விட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே அவளுடைய நீலச் சேலை ஓரக்கண்ணில் தட்டுப்படும், நேரே பார்த்தால் காணாமல் போகும். தலையைத் திருப்பித் திருப்பித்தான் துரத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் நிற்கவே இல்லை. தலைக்குமேல் தேனீக் கூட்டம் இரைந்துகொண்டு அதே திசையில் போனது. அவள் அதன் நிழலில் போனாள்.

குவாரி விளிம்பில் ஒரு கல் அவள் காலில் பட்டு உருண்டது. தண்ணீரில் விழுகிற சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. தாசையன் கைக்கு எட்டியதைப் பிடித்தார். அது அவள் கொண்டை.

பிடித்தபடியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். லில்லிபாய் முரண்டு பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. கயிற்றில் கட்டின பசு புல்லுக்கு எட்டுகிற மாதிரி, அமைதியாக முன்னால் சாய்ந்துகொண்டே இருந்தாள். கைநரம்பு விண்ணென்று தெறித்தது. எத்தனை நேரமோ.

"ஏன் எனக்க முடியப் பிடிச்சு இழுக்கீங்க? கிறுக்கா உங்களுக்கு?"

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தாசையன் அழுதார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது கீர்த்தனா துவைகல்லின் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். போன் கையில் இருந்தது. அதிலிருந்து தாசையனின் குரலே கேட்டது: மக்ளே, கேக்குதா. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கோழி மட்டும் கேறியது.

"பதினோரு நிமிஷம்" என்றாள். "என் முதுகு மட்டும் தெரியுது. ஒரு அசைவுகூட இல்ல."

"உனக்கு இங்க வந்தா பேச்சு மறக்கும் இல்லியா?"

"தூக்கம் பத்தலைன்னு நெனச்சேன்." அவள் படத்தை நிறுத்தினாள். "நம்ம கண்ணோட நடுவுல மஞ்சளா ஒரு பொட்டு இருக்குங்க ஐயா. நீல வெளிச்சம் ஒரே பக்கமா ஆடினா அது லேசாப் பிடிக்கும். நெல்லு அளவுக்கு ஒரு மஞ்சள் நிழல் தெரியும். யாரும் கவனிக்கிறதில்ல. மூளைக்கு அது வேண்டாத விஷயம். தினம் தினம் அதே நேரத்துல, அத்தனை கம்பத்துலயும் ஒண்ணு சேந்து காட்டினா என்ன ஆகும்னு யாரும் பாக்கல."

"எனக்கு ஏன் இல்ல?"

"உங்களுக்கு அந்தப் பொட்டு செத்துப்போச்சு."

தாசையன் கண் இமையைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"முதல்லயே நீல வெளிச்சம்தானா?"

"இல்ல. தேனீக்கு மட்டும் தெரியுற வெளிச்சம் ஒண்ணு உண்டு, நமக்கு அது இருட்டு. முதல்ல அதுலதான் வச்சோம். மனுசங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனி மாசம் மழை மூட்டத்துல அது பத்தல, தேனீ செத்துச்சு. கூட்டம் போட்டீங்க."

கூட்டம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சர்ச் ஹாலில் இந்தப் பெண் நின்றுகொண்டு, நீலத்தையும் சேர்க்கலாம், ஆனால் ஒரு வருஷம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். அப்போது எழுந்து நின்று கத்தியது யார்? தேனீ கொட்டாத பயல்தான் சோதனை கேட்பான், சவம், நாளைக்கே போடு என்று மேசையைத் தட்டியது யார்? போதகரையும் வேதத்தையும் நம்பாத மனுஷன், பெட்டிக்குள் தேனீ வந்து சேர்ந்தால் போதும் என்று முதல் கையெழுத்தைப் போட்டான். அவன் போட்டதால் ஊரே போட்டது. தாசையனே நம்பிவிட்டான், இனி என்ன என்று.

"நிறுத்திப்போடு" என்றார்.

"ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். கேட்டா நிறுத்த விடமாட்டாங்க." அவள் போனைத் துடைத்துப் பையில் போட்டாள். "தேனீய வச்சு இத்தனை பண்றவங்க, இந்த வீடியோவப் பாத்தா மனுசன வச்சு என்ன பண்ணலாம்னுதான் யோசிப்பாங்க."

"அப்ப கேக்காத."

அவள் கேட்கவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கட்டுப்பாட்டு அறையைத் திறந்து உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்துக் கைநிறைய எதையோ பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வீடியோவையும் அவர் முன்னாலேயே அழித்தாள். அழித்தாள் என்று அவள்தான் சொன்னாள். அவருக்குத் தெரிந்தது ஒரு கையசைவு மட்டும்தான்.

"ரெண்டு நாள் தேனீ தடுமாறுங்க ஐயா. அப்புறம் பழைய வானத்தப் பாத்துப் பழகிக்கும்."

"மனுசன்?"

பைக்கைக் கிளப்பிக்கொண்டே, "தெரியாதுங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே வில்சன் வந்து முற்றத்தில் நின்று கத்தினான். கட்டுப்பாட்டு அறை திறந்து கிடக்கிறதாம். எவனோ உள்ளே கிடந்ததை எல்லாம் பிடுங்கிப்போட்டானாம். தேனீ மைதானத்துக்கு மேலே வட்டம் சுற்றிச் சுற்றிக் கீழே விழுகிறதாம்.

"நீருதான் செய்வீரு. வேற எவன் செய்வான். எனக்க பொழப்பில மண்ண அள்ளிப் போட்டீரு மாமா."

"போட்டேன். எனக்க பெட்டியும் அங்கதான் கெடக்கு. நாப்பது பெட்டி. பெருக்கி அள்ளிக்கோ."

"உமக்குக் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

லில்லிபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வில்சா, வந்ததுக்கு ஒரு காப்பி குடிச்சிட்டுத் திட்டு" என்றாள். அவன் குடித்துவிட்டுத்தான் போனான். போகும்போது தாசையனின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாலே முக்காலுக்கே தாசையன் லில்லிபாயை வாசல்படியில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, புதுசாக் கலியாணம் கழிஞ்ச மாதிரி" என்றாள்.

"சும்மா இரி."

சர்ச் மணி ஐந்து அடித்தது. லில்லிபாயின் கை விறைத்தது. எழுந்தாள். கிழக்கே திரும்பினாள், நின்றாள். மேற்கே திரும்பினாள், நின்றாள். மூச்சு மட்டும் வேகமாக வந்தது. பெருங்கூட்டத்தில் அம்மாவை விட்டுவிட்ட குழந்தை மாதிரி அவள் தலை அங்கும் இங்கும் அலைந்தது. ஆனால் நடக்கவில்லை.

தாசையனுக்கு உயிர் வந்தது. கையை விட்டார். தண்ணீர் எடுத்துவரலாம் என்று இரண்டு எட்டு வைத்தார்.

பின்னால் அவள் இரண்டு எட்டு வைத்தாள்.

நின்றார். அவளும் நின்றாள். இடதுபக்கம் ஒதுங்கினார். அவளும் ஒதுங்கினாள். அப்போதுதான் வேலிக்கு அப்பால் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, நிறையக் கால்களின் சத்தம். திறந்து கிடந்த வாசல் வழியாக ஒவ்வொருத்தராக வந்தார்கள். பீடிக்காரனின் கட்டுப்போட்ட விரல் ஓரக்கண்ணில் தெரிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தவள் தெரிந்தாள். வில்சன் கையில் டீ வடிகட்டி அப்படியே இருந்தது, சொட்டிக்கொண்டிருந்தது. முற்றம் நிறைந்தது, வாழைத்தோட்டம் நிறைந்தது. ஊரில் அந்த நேரம் திசை தெரிந்து நடந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

"வீட்டுக்குப் போங்கலே" என்றார். "போங்கோ."

யாரும் அசையவில்லை. சொல் அவர்களுக்கு வேண்டாம். அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதுதான் வேண்டும். தரையில் உட்கார்ந்தார். சேலையும் வேட்டியும் கசங்குகிற சத்தம் முற்றத்தில் தொடங்கி வாழைத்தோட்டத்தின் கடைசிவரை போய் அடங்கியது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினோரு நிமிஷம் பொறுத்தார். இருபது நிமிஷம் பொறுத்தார். அப்போதுதான் உறைத்தது. அஞ்சு பதினொன்றுக்கு இவர்களை விடுவித்ததும் அந்தத் தட்டுகள்தான். இப்போது விடுவிக்க எதுவும் இல்லை. வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை ஒன்று அழுதது. யாரும் அதைத் தூக்கவில்லை.

"லில்லி" என்றார். "என்னத்த பாக்க?"

அவள் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதத்தில் அந்த நேரத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. இப்போது திறந்தாள். குரல் அவளுடையதுதான், தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

"உங்களைத்தான் பாக்கோம்."

அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு. அது இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம்தான் இருந்தது. தலையை ஒரு பக்கம் திருப்பினால் ஓரத்தில் தெரிந்துவிடும். இடது கண்ணின் ஓரம்தான் இன்னும் தெளிவு. அதற்கு வலது பக்கம் திருப்ப வேண்டும். வலது பக்கம் குவாரி. அவர் திரும்பினால் ஊரே அங்கே திரும்பும்.

தாசையன் கழுத்தைக் கெட்டியாக நேரே வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அந்த வட்டத்தையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.